ஒருவனைக் கண்டோம்; ஆயிரவர் எங்கே?

'ஆயிரத்தில் ஒருவன்' என்னும் படத்தைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். இலக்கியப் பகுதியில் சினிமாவுக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: நம் மக்களிற் பெரும்பாலார் கேட்டறிந்த காவியமும், மனப்பாடஞ் செய்த செய்யுளும், பின்பற்ற முயன்ற நீதிநூலும் சினிமாவாகவே இருந்து வந்துள்ளன. தோட்டத்து லயங்களில் ஒரு நூலேனும் இல்லாத வீடுகள் இருந்தன, எம்.ஜி.ஆர். படம் தொங்காத வீட்டைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது. மக்கள் எதனை உண்டு வளர்ந்தார்களோ அதனைச் சோதித்துப் பார்ப்பது எழுதுகோல் பிடித்தவர் கடமையாகும். "சினிமா தானே" என்று ஒதுங்கி நிற்பது அறிவின் பெருமையன்று. கடமையினின்றும் நழுவும் சூழ்ச்சியேயாம்.

பல ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அப்படத்தின் டி.வி.டி. தட்டு ஒன்றை வாங்கி வீட்டில் சேர்த்து வைத்திருந்தோம். சேகரித்து வைக்கத்தக்க சிறப்புப் பதிப்பு என்று அட்டையின் மீது பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. அண்மையில் ஒரு விடுமுறை நாளன்று கிள்ளானில் உறவினர் இல்லத்தில் அத்தட்டைப் போட்டுக் குடும்பத்தாருடன் பார்த்தோம். கூடத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் சீவி, தோட்டம் விற்கப்பட்ட பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். முன்னொரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது இதே படத்தைப் பாய் விரித்துப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி உட்கார்ந்திருந்தாள்.

கைவிலங்கு பூட்டப்பட்ட மக்கள் கூட்டம் கடல் கடந்து அடிமையாகக் கொண்டு செல்லப்படும் கட்டம் வந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்கப்பாவும் இப்படித்தான் கப்பல்ல வந்தாரு, விலங்கு மட்டுந்தான் இல்ல" என்றார். பேத்தியோ திரையையே உற்றுப் பார்த்து, "பாட்டி, எம்.ஜி.ஆருக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கெல்லாம் பேரு இல்லையா?" என்று கேட்டாள். தட்டை நிறுத்திவிட்டோம். அறுபது ஆண்டுகளாக நாம் யாரும் கேட்காத கேள்வியை ஒரு குழந்தை கேட்டுவிட்டது. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்ததே.

முதலில் அத்தட்டின் யோக்கியதையைக் கூறிவிடுவோம். சிறப்புப் பதிப்பு என்றார்களே, அதன் சிறப்பு யாது? வண்ணம் வெளிறிச் சுண்ணாம்புச் சுவர் போலிருந்தது. படத்தின் இடப்புறமும் வலப்புறமும் நறுக்கப்பட்டு, வாட்போரில் ஒருவர் வாள் மட்டும் தெரிய, மற்றவர் எங்கோ மறைந்து நின்றார். திரையின் மூலையில் விற்பனைக்காரரின் முத்திரை தொடக்கமுதல் இறுதிவரை ஈப்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு நடுவிலே அறுந்து அடுத்த காட்சி வந்து விழுந்தது. தமிழ் சரிவரப் படிக்கவறியாத பிள்ளைகளுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒருவரி எழுத்தும் அடியில் ஓடவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், இயக்கியவர் யார், வசனம் எழுதியவர் யார், பாட்டுக் கட்டியவர் யார் என்னும் விவரம் ஒன்றேனும் இல்லை. கதாநாயகன் முகம் மட்டும் முன்னும் பின்னும் பெரிதாக இருந்தது. முகம் இருந்தால் போதும், தமிழன் வாங்குவான் என்று வியாபாரி கணக்குப் போட்டிருக்கிறான். அவன் கணக்குத் தப்பவில்லை, நாமும் வாங்கினோமன்றோ?

அட்டை சொல்லாததை நாம் சொல்லுவோம். 1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் அப்படம் வெளிவந்தது. பத்மினி பிக்சர்ஸ் பெயரால் அதனை எடுத்து இயக்கியவர் பி.ஆர். பந்துலு. வசனம் ஆர்.கே. சண்முகம். பாடல்கள் கண்ணதாசனும் வாலியும் எழுதியவை. இசை விசுவநாதன் - ராமமூர்த்தி. அவ்விருவரும் பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த கடைசிப் படம் அதுவென்பர். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக இணைந்து நடித்தது இதில்தான்; பின்னாளில் இருவருமே தமிழ்நாட்டின் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தனர். வாள் சுழற்றிய நாயகனுக்கு அப்போது வயது 48. எதிரே கடற்கொள்ளைக்காரனாக நம்பியார். சிரிப்புக்கு நாகேஷ். இத்தனை பேருடைய உழைப்பும் ஒரு முகத்தின் பின்னே மறைந்து போயிற்று. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்படத்தைக் கணினி கொண்டு துலக்கி மீண்டும் வெளியிட்டபோது சென்னையில் 175 நாட்களுக்கு மேல் ஓடியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் இருக்கிறது. மதித்துக் காக்கத்தான் நாதியில்லை.

இனிக் கதைக்கு வருவோம். நெய்தல் நாட்டில் மணிமாறன் என்றொரு மருத்துவன். கொடுங்கோலை எதிர்த்தெழுந்தவர்களுக்கு மருத்துவஞ் செய்ததே அவன் புரிந்த குற்றம். அதற்காக அவனும் கிளர்ச்சிக்காரர்களும் பிடிக்கப்பட்டுக் கன்னித் தீவுக்கு அடிமைகளாக விற்கப்படுகின்றனர். தீவில் உழைப்பு, காவல், அவமானம். பிறகு கடற்கொள்ளையரிடம் சிக்குதல், போர், விடுதலை. தீவின் இளவரசி பூங்கொடியின் காதல் இதனூடே பின்னிக் கிடக்கிறது.

இக்கதை நம்மவர் கற்பனையன்று. ரபேல் சபாட்டினி என்பார் 1922-இல் வெளியிட்ட 'கேப்டன் பிளட்' என்னும் ஆங்கில நாவலையும், 1935-இல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கி எரால் பிளின் நடித்த அதன் படத்தையும் தழுவியதாகும். அந்நாவலுக்கு அடிப்படையாக ஒரு மெய்ச் சரித்திரமே உண்டு. 1685-இல் இங்கிலாந்தில் மன்னனை எதிர்த்து மன்மத் பிரபு செய்த கிளர்ச்சி தோற்றது. கிளர்ச்சிக்காரர் பலர் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோரில் நூற்றுக்கணக்கானவர் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவருள் ஹென்றி பிட்மன் என்னும் அறுவை மருத்துவனும் ஒருவன். பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட அவன் தப்பியோடி வந்து தன் வரலாற்றை எழுதி வைத்தான். அந்த ஒருவனுடைய ஏடு நாவலாயிற்று, நாவல் படமாயிற்று, படம் தமிழாயிற்று.

அந்த 1935-ஆம் ஆண்டுப் படத்தை அமெரிக்கர் 2005-இல் டி.வி.டி.யாக வெளியிட்டபோது எப்படி வெளியிட்டார்கள் என்பதைத் தமிழ் வியாபாரிகள் கேட்டறிய வேண்டும். படத்தைத் துலக்கி முழுதாகத் தந்தனர். எடுக்கப்பட்ட வரலாற்றைத் தனிச் சிறுபடமாக்கிச் சேர்த்தனர். 1935-இல் ஒருவன் கொட்டகைக்குப் போயிருந்தால் முதலில் என்னென்ன காட்டியிருப்பார்களோ, அந்தச் செய்திப் படம், கேலிச் சித்திரம், குறும்படம் யாவற்றையும் அதே வரிசையில் வைத்தனர். வாங்கியவன் பாட்டன் காலத்துக் கொட்டகையில் தானும் போய் உட்காரலாம். அவர்கள் நடிகனைப் போற்றாதவர்களல்லர். எனினும் அவனைச் சுற்றியிருந்த காலத்தையும் சேர்த்துக் காத்தார்கள். நாமோ காலத்தை எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம்.

நிற்க. "வெள்ளைக்காரன் கதையின் நகலுக்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று படித்தவர் சிலர் ஏளனஞ் செய்வர். அவர்கள் கப்பலின் வழித்தடத்தைப் பார்க்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் பிட்மன் போன்ற சிலருக்குப் பின்னும் முன்னும் இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் அடிமைகளாய் மடிந்தனர். பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு 1834-இல் நடைமுறைக்கு வந்தது. அடிமை போனான், கரும்பு போகவில்லை. யார் வெட்டுவது? அப்போதுதான் தோட்ட முதலாளிகளின் கண் இந்தியக் கரையோரத்தின்மேல் விழுந்தது. 1834-இல் மொரீஷியசுக்கும், 1845-இல் ஜமைக்காவுக்கும் நம் நாட்டவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். மலாயாவிலும் பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் சஞ்சிக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பிறகு காப்பி, பிறகு ரப்பர். ஆகவே பந்துலுவின் கப்பல் வெள்ளைக்காரனுடைய கதையின் நகலென்று சொல்லுவோர் பாதியைத்தான் சொல்லுகின்றனர். அக்கதையின் பிற்பாதியை வாழ்ந்து முடித்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே.

சஞ்சிக் கூலியும் அடிமையும் ஒன்றல்லர் என்பது மெய்தான். அடிமையை விற்கலாம், கூலிக்குக் காலக்கெடு உண்டு, சம்பளம் உண்டு என்று சட்டம் சொல்லிற்று. மலாயாவில் இந்தியர் சஞ்சிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஓங்கிய கங்காணி முறையும் 1938-இல், கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு தடுத்தபோது, அற்றுப்போயிற்று. இவற்றையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரஜூலா போன்ற கப்பலேறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவனைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குத் தப்பட்டை அடித்தவுடன் ஓடி நின்றவன் அவன். துரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவன் அவன். பெற்ற சம்பளத்தைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திருப்பிக் கொடுத்தவனும் அவனே. திரையில் கன்னித் தீவைக் கண்டபோது அவனுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. அந்தத் திடலிலே பாய் விரித்துப் பார்த்த மக்கள் விடுதலைப் பாட்டுக்குக் கைதட்டியது இசைக்காக மட்டுமன்று.

ஈண்டுதான் நமது குற்றச்சாட்டு தொடங்குகிறது. இத்துணை நெருக்கமான கதையிலிருந்து நாம் எதனை எடுத்துக்கொண்டோம்? படத்தின் பெயரே நம்மை ஏமாற்றிவிட்டது. ஆயிரத்தில் ஒருவன் என்றால், மீதி 999 பேர் உண்டு என்பது கணக்கு. வாளெடுத்தவன் ஒருவன், விலங்கு சுமந்தவர்கள் ஆயிரவர். நாம் ஒருவனையே பார்த்தோம். கொட்டகையில் படம் ஓடிக்கொண்டேயிருக்கும். நாயகன் முகத்தை விட்டுக் கண் நகராது. வீட்டுத் தட்டின் பெருமை அதனை நிறுத்திப் பார்க்கலாம் என்பது. நிறுத்திப் பார்த்தோம். பின்வரிசையில் மெலிந்த தோளும் ஒட்டிய கன்னமுமாகத் துணை நடிகர் பலர் நிற்கிறார்கள். ஒருவன் நாயகனைப் பார்க்காமல் கீழே நோக்கிக்கொண்டிருக்கிறான். அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருங் காட்சியைவிட, தலைவன் முகம் பார்த்துக் காத்து நிற்குங் காட்சியே மிகுதி. தலைவன் சிரித்தால் சிரிக்கிறார்கள். பாடினால் கூடப் பாடுகிறார்கள். படத்தில் ஏன் என்று வினவுதலைப் போற்றி ஒரு பாட்டு வருகிறது. அதையும் ஒருவனே பாடுகிறான், மற்றவர் கேட்கின்றனர். வினவச் சொல்லும் பாட்டைக்கூட வினவாமல் கேட்டு வந்த கூட்டம் நாம்!

ஒருவன் வருவான், வந்து மீட்பான் என்ற நம்பிக்கை பொல்லாத கள். கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினோம்; இக்கடையை நாமே நடத்தி வருகின்றோம். நடிகர் பிறந்த நாளுக்குப் பாலூற்றுவதும், பதாகை கட்டுவதும், தட்டு வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பிரிக்காமலே சூடங் காட்டுவதும் எந்த ஆயிரவருக்கு விடுதலை தந்தன? 1992-இல் ஆராய்ச்சியாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஏழைகளின் காவலன் என்ற திரைத் தோற்றத்துக்கும் அவர் ஆட்சியில் ஏழைகள் பெற்ற வாழ்வுக்கும் இடையே கிடந்த தூரத்தை அதில் அளந்து காட்டினார். தமிழ்நாட்டுக்கு அவர் சொன்னது நமக்கும் பொருந்தும்.

"அப்படியானால் ஆயிரவர் தாமே எழுந்த கதை எங்கேனும் உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. வெகுதூரம் போக வேண்டாம், கிள்ளானிலேயே உண்டு. 1941-ஆம் ஆண்டு ஆர்.எச். நாதன் என்பார் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியது. அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. மருத்துவ வசதி. பெண்களைத் தொல்லை செய்வதற்கு முற்றுப்புள்ளி. கள்ளுக்கடைகளை மூடுதல். சங்கம் அமைக்கும் உரிமை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை. இக்கடைசிக் கோரிக்கையை இன்றைய பிள்ளைகள் சிரிப்பெனக் கருதலாம். முதுகெலும்பு நிமிர்வதற்குக் கேட்ட விலை அதுவே என்பதை உணர்ந்தவர் சிரிக்கமாட்டார்.

மேத் திங்களில் நாதன் சிறைப்பிடிக்கப்பட்டுப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தலைவனை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று ஆட்சியாளர் எண்ணினர். சினிமாவாயிருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். கிள்ளானில் நடந்தது வேறு. அந்த ஒருவன் இல்லாதபோதுதான் ஆயிரவர் எழுந்தனர். தோட்டந்தோட்டமாக வேலை நிறுத்தம் பரவிற்று. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் இறக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவர்கள் வாளெடுத்தவர்களல்லர், பால்வாளி எடுத்தவர்கள். அந்த ஐவருக்கு நம் வீட்டுச் சுவர் எதில் படம் தொங்குகிறது? எந்தத் தட்டின் அட்டையில் அவர் முகம் அச்சாகியிருக்கிறது? கன்னித் தீவின் கற்பனை அடிமைகளுக்காகக் கண்ணீர் விட்ட நாம், கிள்ளான் மண்ணில் விழுந்தவர்களை மறந்தோம். இதனினும் வெட்கக்கேடு வேறென்ன?

இன்னொன்றும் கூறுவோம். கோலாலம்பூருக்குத் தெற்கே புக்கிட் ஜாலிலில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1998-இல் அங்கே பெரிய தேசிய விளையாட்டரங்கு எழும்பியது. தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் வீட்டு மனைக்காகப் பின்னரும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவ்வரங்கிலேதான் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை நடிகர்கள் திரளாக வந்து நட்சத்திர விழா நடத்தினர். எதற்காக? சென்னையில் தங்கள் சங்கத்துக்குக் கட்டடம் எழுப்ப நிதி திரட்டுவதற்காக! நம் வீட்டாரும் சீட்டு வாங்கினர், மறைப்பானேன்? நடிகர்கள் தம் சங்கத்துக்குக் கட்டடம் கட்டுவது குற்றமன்று. ஒன்றுபட்டு உழைக்கிறார்கள், பாராட்டுவோம். பால்மரம் நின்ற மண்ணில் அமர்ந்து பிறர் கட்டடத்துக்குப் பணங் கொடுத்த நாம், அம்மரத்தைச் சீவியவர்களின் பெயரை எழுதி வைக்க ஒரு கல்லேனும் நாட்டினோமா என்பதே கேள்வி.

நம்மால் முடியாதென்று சொல்லாதீர். முடிந்த காலமும் இருந்தது. விடுதலைக்குப் பின் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தலைப்பட்டபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினர். அதற்காகத் தோட்டந்தோறும் நடந்தவர் துன் சம்பந்தன்; பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரால் சாலை இருக்கிறது. தலைவன் தேவையில்லை என்று நாம் வாதிடவில்லை. சம்பந்தன் போன்ற தலைவரும் வேண்டும். நாதன் போன்றவரும் வேண்டும். ஆனால் மாதம் பத்து வெள்ளியை மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த ஆயிரவர் இல்லையேல் சம்பந்தன் பேச்சு காற்றோடு போயிருக்கும். சாலைப் பலகையில் ஒரு பெயர்தான் எழுத முடியும். நெஞ்சில் எத்தனை பெயரும் எழுதலாமே!

இனி மறுப்புரைகளைக் கவனிப்போம். "சினிமா பொழுதுபோக்கு, அதில் இத்தனை பாரம் ஏற்றலாமா?" என்பர் சிலர். பொழுதைப் போக்கட்டும், தடுப்பாரில்லை. நாமும் அன்று நம்பியாரும் எம்.ஜி.ஆரும் வாள் மோதியபோது நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தோம். கடலும் கப்பலும் வாளும் பாட்டும் இன்றும் நெஞ்சை அள்ளுகின்றன. நல்ல படம் என்பதனால்தான் அதனுடன் வழக்காடுகின்றோம். மட்டமான படத்தோடு யார் வழக்காடுவார்?

"எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே, தட்டு எதற்கு?" என்பர் இளைஞர். கைப்பேசியில் பாட்டு ஒருபுறமும் சண்டை ஒருபுறமுமாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. இன்று இலவசமாய்க் கிடைப்பது நாளை உரிமைக்காரர் ஒருவர் மனம் மாறினால் மறைந்துபோம். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று யார் கைக்கும் எட்டாமல் அழிந்துபோயிற்று. அன்றும் மக்கள் எங்கும் கிடைக்கிறது என்றே இருந்திருப்பர். காப்பாற்றப்படாதது கைவிட்டுப் போம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

"எங்கள் தலைவரை இழிவுபடுத்துகிறீர்" என்று சீறுவோரும் உளர். பொறுமின்! இலங்கையில் தேயிலை விளையும் கண்டிச் சீமையின் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, வறுமையில் வளர்ந்து உயர்ந்த ஒருவரை நாம் ஏன் இழிவுபடுத்த வேண்டும்? அவர் தம் வேலையைத் திறம்படச் செய்தார். நம் வேலையையும் அவரே செய்வார் என்று நாம் கைகட்டி நின்றோமே, அதனையே இகழ்கின்றோம். அவரிடம் நமக்கு வழக்கில்லை. கண்ணாடியில் தெரியும் முகத்தோடுதான் வழக்கு.

ஆகவே நாம் கேட்பது யாது? படத்தின் உரிமையும் பெட்டியும் வைத்திருப்போர்க்கு முதற் சொல்: ஒரு காட்சியும் ஒரு பாட்டும் வெட்டாமல், நறுக்காமல், முத்திரை குத்தாமல், துலக்கிய படத்தை வீட்டுக்குத் தாருங்கள். அடியில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்து ஓடட்டும். கிள்ளானில் தேசியப் பள்ளியிற் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும், அப்பிள்ளையின் மலாய்த் தோழியும் சேர்ந்து பார்க்கட்டும். பந்துலுவும் சண்முகமும் வாலியும் பின்வரிசைத் துணை நடிகரும் யாரென்று ஒரு சிறு நூல் சேரட்டும். அப்படிப்பட்ட பெட்டிக்கு இரட்டை விலை கொடுக்க நாம் அணியம்.

நம் மன்றங்களுக்கும் சங்கங்களுக்கும் இரண்டாஞ் சொல்: விழாவுக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். காப்பார், கேரித் தீவு, பந்திங், கோல சிலாங்கூர் ஆகிய இடங்களின் முதியோரை உட்கார வைத்து, அவர்கள் கண்ட கப்பலையும் தோட்டத்தையும் வேலை நிறுத்தத்தையும் பேசச் செய்து படம் பிடியுங்கள். அதுவே நம் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு சேர வேண்டிய இரண்டாந் தட்டு. அதனை ஹாலிவுட்டும் தாராது, கோடம்பாக்கமும் தாராது. நாமே எடுத்தாலன்றி அது பிறவாது. நாளும் ஒரு முதியவர் மறைகிறார். மறைந்தவரை எந்தக் கணினியும் துலக்கித் தாராது.

மூன்றாஞ் சொல் வீட்டாருக்கு. இதற்குச் சங்கமும் வேண்டா, நிதியும் வேண்டா. உங்கள் வீட்டு அலமாரியில் இப்படமோ வேறொரு பழம் படமோ தூசி படிந்து கிடக்கும். எடுத்துத் துடையுங்கள். பெரியவரையும் குழந்தையையும் பக்கம் பக்கமாய் அமர்த்திப் போடுங்கள். கப்பற் காட்சி வரும்போது நிறுத்துங்கள். "உங்கள் அப்பா எந்த ஊர்? எந்தத் தோட்டம்? கூட வந்தவர்கள் யார்?" என்று கேளுங்கள்.

அன்று கிள்ளானில் நாம் அவ்வாறே செய்தோம். பேத்தி கேட்ட கேள்விக்குத் திரையில் விடையில்லை, பாட்டியிடம் இருந்தது. தம் தந்தையோடு ஒரே கப்பலில் வந்து ஒரே லயத்தில் குடியேறியவர்கள் என்று தந்தை சொல்லிக் கேட்ட பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஒரு பெயருக்கு நெடுநேரம் யோசித்தார்; பிறகு அதுவும் வந்தது. பதினொரு பெயர். தட்டின் அட்டைப் பின்புறத்தில், வியாபாரி வெறுமையாய் விட்டிருந்த இடத்தில், பேத்தி தன் கையாலேயே எழுதி வைத்தாள். அதன்பின் படத்தை ஓடவிட்டோம். வாட்சண்டை முன்போலவே சுவையாகத்தான் இருந்தது.

பதினொருவர் பெயர் எழுதியாயிற்று, ஆயிரவர் பாக்கியிருக்கின்றனர். நேயர்களே, உங்கள் வீட்டில் எத்தனை பெயர் காத்திருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.